படத்தோடு கதையையும் கேளுங்கள்: புகைப்படக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் புகைப்படக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும், போட்டிகளும் கண்காட்சிகளும் நடத்துகிறவர்களுக்கும், நடுவர்களாக வந்து அமரும் மூத்த கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தை ஒட்டிப் போட்டி அறிவிப்புகள் வரிசைகட்டி வரும். படத்தின் நீண்ட பக்கம் இத்தனை பிக்சல், கோப்பு இத்தனை எம்பிக்குள், வாட்டர்மார்க் கூடாது, பார்டர் கூடாது, தலைப்பு இத்தனை எழுத்துக்குள் என்று விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும். இந்தப் படம் எப்படிக் கிடைத்தது, இதில் இருப்பவர் யார், எடுத்தபோது என்ன நடந்தது என்று கேட்கும் வரி மட்டும் என் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்களிடம் படத்தோடு அதன் கதையையும் கேளுங்கள். கேட்டு வாங்கி, படித்து, படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

நான் படம் எடுத்துப் பிழைப்பவன் இல்லை. வாரம் முழுக்க வேறு வேலை. ஞாயிறு விடிவதற்கு முன் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு போட்டோ வாக் கிளம்பும் கூட்டத்தில் ஒருவன். உங்கள் கழகங்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்களுக்கு ஷட்டர் வேகம் எது, அப்பர்ச்சர் எது என்றே தெரிந்திருக்காது. சொல்லிக் கொடுத்தீர்கள், லென்ஸைக் கடன் கொடுத்தீர்கள், மோசமான படத்தை மோசம் என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் முகங்களுக்குக் கீழே ஒற்றைச் சொல் தொங்குகிறது. 'ஏக்கம்', 'தனிமை', 'சுமை', 'நம்பிக்கை'. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் 'தனிமை' ஆகிவிடுகிறார். அவர் தன் கூட்டாளி பேப்பர் படித்து முடிக்கக் காத்திருந்திருக்கலாம். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து நிம்மதியாக ஒரு டீ சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எடுத்தவர் கேட்கவில்லை. கேட்டாரா என்று அவரிடம் நாமும் கேட்பதில்லை. சுருக்கம் விழுந்த முகம், பக்கவாட்டு வெளிச்சம், கறுத்த பின்னணி என்றால் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. நடுவர் முன் திரையில் ஒரு படம் நிற்பது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிக்குள் பிடித்து நிறுத்தும் படத்தையே எல்லோரும் எடுக்கப் பழகுகிறார்கள். அதனால்தான் திரும்பின பக்கமெல்லாம் அதே பரிசல், அதே வலைவீச்சு, அதே சாம்பிராணிப் புகை. எடுத்தவர் பெயரும் ஊரும்தான் மாறுகின்றன.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதை ஒரு கழகத்தின் மாதக் கூட்டத்தில் பார்த்தேன். போட்டியில் தேறாமல் போன படங்களை மட்டும் திரையில் போட்டு, எடுத்தவரையே பேசச் சொன்னார்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். திரையில் உப்பளத்தில் நிற்கும் வயதான பெண். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. பின்னால் உப்புக் குவியல் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. ஹைலைட் எரிந்துவிட்டது, அடிவானம் சாய்ந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது என்று நடுவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அரங்கில் இருந்த எங்களுக்கும் பட்டது.

அவர் சொல்லத் தொடங்கினார். தூத்துக்குடிப் பக்கம் மனைவியின் ஊர். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளையில் கண் கூசும் என்பதால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு உப்பு வார இறங்கிவிடுவார்கள். இவரும் இருட்டிலேயே போய்ச் சூரிய உதயத்துக்குக் காத்திருந்தார். உப்பளம் என்றால் நாம் வழக்கமாக எடுப்பது ஆரஞ்சு வானம், பாத்தித் தண்ணீரில் அதே வானம், நடுவே பலகையை இழுக்கும் கறுத்த உருவங்கள். அதைத்தான் அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பலகையை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: "வாரவுக எல்லாரும் எங்கள நெழலாத்தான் எடுத்துட்டுப் போறாவ. மொகம் தெரியுத மாதிரி ஒண்ணு எடுத்துத் தாங்க தம்பி."

முகம் தெரிய வெளிச்சம் வேண்டும். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தார். ஏறியதும் முகம் துண்டின் நிழலுக்குள் போய்விட்டது. முகத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவு, வைத்தால் பின்னாலிருக்கும் உப்பு வெளிறிவிடும், உப்புக்கு வைத்தால் முகம் மறுபடியும் நிழலாகிவிடும். முகத்துக்கு வைத்தார். கண்ணைப் பற்றி அந்த அம்மாளே சொன்னார். எத்தனையோ வருஷமாக இந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, வெயிலில் அந்தக் கண் முழுசாகத் திறப்பதில்லை. ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் எடுத்ததைத் தவிர, கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கென்று ஒரு படம் கிடையாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார் நண்பர். வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லி, ஆணி அடிக்கவும் இவரையே ஸ்டூலில் ஏற்றிவிட்டாராம்.

அவர் பேசி முடித்தபோதும் திரையில் இருந்தது அதே படம்தான். ஆனால் அந்த வெள்ளையை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. கண்ணை மூட வைத்தது அந்த வெள்ளைதான் என்று எல்லோருக்கும் இப்போது தெரியும். நடுவர்களில் ஒருவர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஒதுக்கியதற்காக அந்த நடுவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுக்கப்பட்டதை வைத்து அவர் தீர்ப்புச் சொன்னார். மீதியைக் கேட்டு வாங்க நம் படிவத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் தொழிலோடு வந்துவிடுகிறது. யார், எங்கே, எப்போது என்று எழுதாமல் படம் அனுப்பினால் அலுவலகத்திலிருந்து போன் வரும். நமக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத நேரம் நமக்கு இருக்கிறது. பத்திரிகைக்காரர் தேர்த் திருவிழாவுக்கு ஒரு நாள் வருவார், சாயங்காலத்துக்குள் படம் போயாக வேண்டும். நாம் அந்தத் தேரடியிலேயே குடியிருக்கிறோம். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் யார், அவருடைய அப்பாவும் அதே வேலை பார்த்தாரா, தேர் திரும்பும் மூலையில் அவர் எதைப் பார்த்துக் கட்டையை வீசுகிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். போட்டியில் நாம் அனுப்பும் தேர்ப் படத்தில் இதில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

கேமராவும் எழுத்தும் ஒரே கையில் இருந்த மனிதர் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்தவர். வெவ்வேறு பாகங்களைத் தாமே பொருத்திச் செய்த கனத்த கேமராவைச் சுமந்து, காட்டில் நடந்தே போய், யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950-இல் தொடங்கி 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் என்ற ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசுக்காக 1857-58-இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராயக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் விளக்கக் குறிப்புகளோடுதான் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி அவர் உருவாக்கிய நீண்ட படம் இன்றும் இருக்கிறது. ஆக, படத்தோடு எழுத்து சேர்ந்து வருவது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது.

உங்களில் பலர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நல்ல படத்துக்கு விளக்கம் எதுக்கு? படமே பேசணும்." பனித்துளிக்கும் மணல்மேட்டின் வளைவுக்கும் அது சரி. அவற்றுக்குக் கீழே யாரும் பத்தி எழுத வேண்டாம். மனிதர்கள் இருக்கும் படத்தில் என் பயம் வேறு. படம் பேசாமல் போனால்கூடப் பரவாயில்லை, தப்பாகப் பேசிவிடும்.

1936-இல், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் கிடந்தவர்களின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்த தாயின் படத்தை நீங்கள் எல்லோரும் வகுப்புகளில் காட்டுகிறீர்கள். கன்னத்தருகே கை, தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று லாங்கேயே 1960-இல் எழுதினார். அந்தப் பெண் காரின் டயர்களை விற்றுச் சாப்பாடு வாங்கியதாகவும் எழுதினார். 1978-இல்தான் அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. டயர்களை விற்கவே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். 42 ஆண்டுகள் உலகமே பார்த்துக்கொண்டிருந்த முகத்துக்குப் பெயரும் இல்லை, கூட வந்த கதையும் அந்தக் குடும்பம் ஒப்புக்கொள்ளாத கதை. படம் செய்தித்தாளில் வந்த பிறகு அந்த முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது என்பதும் உண்மை. படத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. அத்தனை வலிமையான படத்துக்கே இந்தக் கதி என்றால், நம் கண்காட்சிச் சுவரில் 'ஏக்கம்' என்று தொங்கும் பெண்ணுக்கு என்ன உறுதி?

கூவாகத்துக்கு வருடாவருடம் எத்தனை கேமரா போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து அழும் நேரத்தில், அழுகிறவரைச் சுற்றி வளையமாக லென்ஸ்கள் நிற்கும். ஒருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைடு ஆங்கிள் லென்ஸை நீட்டிய படத்தைப் போட்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தை அனுப்பியவரிடம் "அவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், படம் எடுத்தது அவருக்குத் தெரியுமா, அனுப்பி வைத்தீர்களா" என்ற நான்கே கேள்வியைப் படிவத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் எழுத முடியாதவர் அடுத்த வருடம் முந்தின நாளே போவார், பேசுவார், சாப்பிடுவார், அதற்குப் பிறகு கேமராவை எடுப்பார். ஒழுக்கத்தைப் பற்றி நாம் நடத்தும் எத்தனையோ கருத்தரங்கு சாதிக்காததை இந்த ஒரு பெட்டி சாதிக்கும் என்று நம்புகிறேன்.

இயற்கைப் படப் பிரிவில் இந்தத் தேவை இன்னும் வெளிப்படை. ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பு, பிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட வரையறை உங்கள் அறிவிப்புகளில் அச்சாகிறது. இயற்கைப் படத்தில் மிக முக்கியமானது அது சொல்லும் கதைதான் என்பது அந்த வரையறையிலேயே இருக்கிறது. கதைக்கு மதிப்பெண் போட வேண்டும், ஆனால் கதையைக் கேட்கக் கூடாது என்றால் நடுவர் என்ன செய்வார்? அவரே ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்றது, மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பழக்கி வளர்த்த ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் பரிசு பெற்ற இன்னொரு படத்தில் இருந்த எறும்புண்ணி, பாடம் செய்து வைத்த விலங்கு என்று நிபுணர்கள் சொல்ல, 2018-இல் அதையும் நீக்கினார்கள்.

நம் பக்கத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து நம் தோப்புகளில் சருகைக் கிளறி இரை தேடும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பாசி படர்ந்த கட்டை மேல், சுத்தமான பச்சைப் பின்னணியில், அது நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கும் படங்கள் வருகின்றன. செல்போனில் அதன் குரலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வரவழைத்ததா? கட்டைக்குப் பின்னால் புழு வைத்ததா? அல்லது ஒரு தோட்டக்காரர் காட்டிய இடத்தில் பல நாள் பொறுமையாக உட்கார்ந்து எடுத்ததா? மூன்றும் திரையில் ஒன்றாகத்தான் தெரியும். மூன்றாமவருக்குச் சொல்ல நிறைய இருக்கும், இடம் கொடுத்தால் பக்கம் போதாமல் எழுதுவார். பொறுமையாகக் காத்திருப்பவருக்கு இப்போது நாம் எந்த மரியாதையும் செய்யவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. எங்கள் ஊர்க் கழகத்தின் மூத்தவர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மகன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். "அப்பா உசிரா வச்சிருந்தது சார். என்ன பண்றதுன்னு தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க." திறந்தால் 'புதுசு', 'புதுசு 2', 'செலக்ட்', 'ஃபைனல்' என்று ஃபோல்டர்கள். உள்ளே கேமரா தானாகப் போட்ட எண்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள். அவற்றில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே இரவில் எடுத்த தெருக்கூத்துப் படங்கள். கூத்து தொடங்கும் முன் நடக்கும் ஒப்பனை. ஒருவர் தரையில் சம்மணமிட்டு முகத்துக்கு அரிதாரம் பூசுகிறார். இன்னொருவருக்குத் தோளில் அணியும் புஜகீர்த்தி கட்டுகிறார்கள், கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்குகிறார் கட்டுகிறவர். ஒரு சிறுவன் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தில் சொக்குகிறான். கண்ணாடி சாய்ந்திருக்கிறது, அதில் தெரிவது கூத்துக்காரரின் முகத்துக்குப் பதில் மேலே தொங்கும் பல்பு. நான் பார்த்த கூத்துப் படங்களில் இதற்கு ஈடு கிடையாது.

எந்த ஊர், எந்த மன்றம், யார் அந்தப் பையன்? யாருக்கும் தெரியவில்லை. கோப்பில் பதிந்த தேதியைப் பார்த்தோம். கேமராவில் கடிகாரமே சரிசெய்யப்படாமல் இருந்திருக்கிறது, அதனால் அதுவும் பயன்படவில்லை. ஒரு படத்தின் ஓரத்தில் தகரப் பெட்டி மேல் பெயிண்டில் எழுதிய மன்றத்தின் பெயர் பாதி தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பையன் இன்று வளர்ந்து கட்டியக்காரனாகவோ துரியோதனனாகவோ ஆடிக்கொண்டிருக்கலாம். அவனிடம் இப்படி ஒரு படம் இருக்கிறது என்று சொல்ல வழியில்லை. இத்தனைக்கும் படம் எடுத்தவருக்கு அந்த இரவு மனப்பாடம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அதைப் பற்றி எத்தனையோ முறை பேசியவர். பேசியதை எழுதிவைக்க ஓர் இடமும், எழுதச் சொல்ல ஒரு கழகமும்தான் அவருக்குக் கிடைக்கவில்லை.

சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை பார்த்தபடி லட்சத்துக்கு மேல் படங்கள் எடுத்த விவியன் மேயரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வாடகை பாக்கியில் 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் 2009-இல் இறந்துவிட்டார். படங்கள் இன்று உலகம் சுற்றுகின்றன. அவற்றில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல எடுத்தவர் இல்லை. மேயர் வாய்திறக்க விரும்பாதவர். நம் ஆட்களோ பேசத் துடிக்கிறவர்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஸ்டுடியோ காலத்தில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் பென்சிலில் எழுதியிருக்கும்: 'சரோஜா கல்யாணம், வைகாசி 1962, கும்பகோணம். இடது ஓரம் பெரிய அத்தை.' ஸ்டுடியோவின் முத்திரையும் இருக்கும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அப்படித் தேடுகிறவர்களுக்குப் பின்பக்கத்தில் எழுதிய அந்த இரண்டு வரி எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய கோப்புக்குப் பின்பக்கம் கிடையாது, ஆனால் எழுத இடம் உண்டு. லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் 'கேப்ஷன்' என்ற பெட்டி இருக்கிறது. அதில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம், எக்ஸ்போர்ட் செய்யும்போது அது படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் எழுதியதெல்லாம் உதிர்ந்துபோகும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் நிற்கும். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ என்ற எக்ஸ்போஷர் முக்கோணத்தை முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறீர்கள். இதையும் அதே வகுப்பில் சொல்லித் தாருங்கள், கேமராவில் தேதியைச் சரிசெய்வது உட்பட.

சொல்லக் கூடாத கதையும் உண்டு. ஆந்தை அடையும் மரம், கழுகு கூடு கட்டிய பாறை, அரிய தவளை கிடைத்த ஓடை ஆகியவற்றின் இடத்தை எழுதினால் அடுத்த ஞாயிறே அங்கே வண்டிகள் நிற்கும். மாவட்டம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும், கோப்பில் ஜிபிஎஸ் இருந்தால் அழித்துவிட வேண்டும். குழந்தைகளின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். தன் கதையைச் சொல்லிவிட்டு "இத வெளில எழுதிடாதீங்க" என்றவரின் கதையும் அப்படியே. இவற்றையெல்லாம் படிவத்திலேயே நாலு வரியில் எழுதிவிடலாம்.

நடைமுறைச் சிக்கல்களை நானும் யோசித்தேன். கதையைப் படித்தால் எடுத்தவர் யாரென்று தெரிந்துவிடும், நடுநிலை போய்விடும் என்பது ஒன்று. முதல் சுற்றை இப்போது போலவே படத்தை மட்டும் வைத்து நடத்துங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றுக்கு மட்டும், பெயரை நீக்கிவிட்டு, கதையைப் படியுங்கள். முதல் சுற்றில் விழுந்தவற்றிலிருந்தும் கதைக்காகச் சிலவற்றைத் திரும்ப எடுக்க நடுவருக்கு உரிமை கொடுங்கள். இல்லையென்றால் அந்த உப்பளத்து அம்மாள் மறுபடியும் வெளியேதான் நிற்பார். எழுதத் தெரிந்தவரே ஜெயிப்பார் என்பது இன்னொரு கவலை. நியாயமான கவலை. எங்கள் குழுவில் அருமையாகப் படம் எடுக்கும் லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எழுதச் சொன்னால் ஓடிவிடுவார், பேசவிட்டால் நிறுத்த முடியாது. ஆகவே இரண்டு நிமிடக் குரல் பதிவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொழிநடைக்கு மதிப்பெண் வேண்டாம். யார், எங்கே, எப்போது, எப்படி, படத்தில் இருப்பவர் பார்த்தாரா என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறதா என்பது மட்டும் போதும். பொய்க்கதை எழுதுவார்களே என்றால், சந்தேகம் வந்த படத்துக்கு ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பு, கேட்பது நம் வழக்கம். அதே போல முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேளுங்கள். பொய் சொல்கிறவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

கண்காட்சியில் இந்தக் கதைகள் தமிழில் இருக்கட்டும். பெரிய எழுத்தில், நின்று படிக்கும் உயரத்தில். படத்தில் இருப்பவர் உள்ளூர்க்காரர் என்றால் திறப்பு விழாவுக்கு அவரையும் குடும்பத்தையும் அழையுங்கள், பஸ் செலவைக் கழகம் ஏற்கட்டும். பரிசுக் கோப்பையும் சான்றிதழும் வாங்கும் செலவில் ஒரு பங்கு போதும். கண்காட்சி முடிந்ததும் அந்த பிரிண்டைக் கழக அலமாரியில் அடுக்காமல் அவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். மாதக் கூட்டத்தில் மூத்தவர்களின் பழைய படங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து, கோப்பு எண்ணோடு சேர்த்துக் கழகத்தில் ஒரு பிரதி வையுங்கள். என் பட்டியலில் அவசரமான வேலை இதுதான். மற்றதெல்லாம் அடுத்த வருடம்கூடத் தொடங்கலாம்.

இந்த ஆண்டுக்கான படிவம் இன்னும் இறுதியாகவில்லை என்றால், தலைப்புக்கு விட்ட இடத்துக்குக் கீழே ஒரு பெட்டி சேர்க்க நேரம் இருக்கிறது. வரும் குரல் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எங்கள் போட்டோ வாக் நண்பர்களில் நன்றாகத் தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்டுவிட்டேன். சனி, ஞாயிறு மாலைகளில் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கழகங்களில் ஒன்றின் உறுப்பினர்